பலேர்மோவில் ஒரே சிரிப்பை இரண்டு தடவை பார்த்தது

படம் பார்ப்பதற்காக முப்பது மணி நேரம் பயணம் போனவன் என்று எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பெயர் வைத்தவர் என் மனைவி. அவர் சொல்வது தவறு. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பலேர்மோவில் கால் வைத்தது வரை இருபத்தைந்தரை மணி நேரம்தான்; குறிப்புப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1996 ஒக்டோபரில் நடந்த பயணத்தை இவ்வளவு காலம் கழித்து எழுதுவதற்குக் காரணம், போன கிழமை ஒரு வாசகி கேட்ட கேள்வி. சிசிலிக்குப் போகிறாராம், கடலும் தேவாலயமும் தவிர வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தார். மூன்று வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீளத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நான் சுவிஸில் பாசல் நகரத்தில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தேன். மாலையில் ஒரு சின்னத் திரைப்படக் கழகத்துக்குப் போவேன். சர்வாதிகாரிகள் சினிமாவை எப்படித் தங்கள் ஊதுகுழலாக வைத்திருந்தார்கள் என்பதைப் பற்றிக் கண்ட புத்தகத்தையெல்லாம் வாங்கி அடுக்கியிருந்த காலம் அது. அந்தக் கழகத்துச் சுவரில் ஒருநாள் ஒரு துண்டுப் பிரசுரம் கண்டேன். இத்தாலியின் பாசிச ஆட்சிக் காலத்துச் செய்திப்படங்களும் கதைப்படங்களும், இடம் பலேர்மோ, புதன் முதல் வெள்ளி வரை மாலை நான்கு மணி, அனுமதி இலவசம் என்று போட்டிருந்தது. இலவசம் என்ற சொல்லைக் கண்டபின் ஒரு யாழ்ப்பாணத்தானை யாரால் தடுக்க முடியும்? பலேர்மோவில் என் பழைய நண்பன் அல்பிரட்டும் இருந்தான். எண்பத்தைந்தில், வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் எட்டு மாதம் ஒரே அறையில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். தங்கும் செலவும் மிச்சம் என்று கிளம்பிவிட்டேன்.

பாதை இதுதான். திங்கள் காலை ஆறு மணிக்குப் பாசலில் ரயில், பதினொன்றரைக்கு மிலானோ. அங்கிருந்து நாப்போலி, மாலை ஆறே முக்கால். எட்டு மணிக் கப்பல் பிடித்தால் மறுநாள் காலை ஏழுக்கு முன் பலேர்மோ துறைமுகம். ரயிலில் ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர், கடலில் முந்நூறு. ரயில் போக வர 232 பிராங்க். கப்பலில் சாய்வு நாற்காலி ஒரு வழிக்கு 68,000 லீரா, அன்றைய மதிப்பில் ஐம்பத்தாறு பிராங்க் வரும். படுக்கை அறைக்கு இதைப்போல இன்னொரு மடங்கு கேட்பார்கள். சாய்வு நாற்காலி என்பது பேருக்குத்தான், அது சாயாது. எல்லையில் என் அகதிப் பயண ஆவணத்தை ஒரு அதிகாரி இரண்டு தடவை புரட்டிவிட்டு, சிசிலிக்கு என்ன வேலையாகப் போகிறாய் என்று கேட்டார். படம் பார்க்க என்றேன். மூன்றாம் தடவையும் புரட்டினார்.

துறைமுகத்து வாசலில் அல்பிரட் நின்றான். தலைமயிர் பாதி போயிருந்தது, பகிடி முழுதாக இருந்தது.

"என்ன மச்சான், ஊரிலை வீடியோக் கடை இல்லையெண்டோ இவ்வளவு தூரம் வந்தனி?"

மன்னார்க்காரன். வாரநாட்களில் லிபெர்த்தாப் பகுதியில் அடுக்குமாடிகளின் படிக்கட்டுக் கழுவும் வேலை, சனி ஞாயிறில் கலியாண வீடியோ எடுக்கும் வேலை. மனைவி ஜசிந்தாவும் மன்னார்தான். அதே லிபெர்த்தாவில் ஒரு வயதான அம்மையாரைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பார்த்துக்கொள்கிறார். வீட்டில் அந்த அம்மையாரைச் 'சிஞ்ஞோரா' என்றுதான் சொல்வார்கள். பெயர் கொன்செட்டா, வயது எழுபத்திரண்டு, முழங்கால் இரண்டும் போய்விட்டது, வாய்க்கு ஒன்றும் இல்லை. அல்பிரட் வீடு பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை. சந்தையில் பச்சைமிளகாயும் வெண்டிக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும், ஆகவே உணவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அல்பிரட் ஒரு நாள் விடுமுறை எடுத்து என்னை ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குக் கூட்டிப் போனான். நகரத்திலிருந்து பதின்மூன்று கிலோமீற்றர், இரண்டு பஸ், ரிக்கற் 1,500 லீரா, ஒரு மணி நேரத்துக்குள் ஏறி மாறினால் ஒரே ரிக்கற் போதும். மீன்பிடிக் கிராமம். கரையில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். ஆளுக்கு 35,000 லீரா கொடுத்தால் கணவாய், மட்டி, இறால், மீன் என்று கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பார்கள். போதும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அல்பிரட் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே தன் வீடியோத் தொழிலின் சூட்சுமங்களைச் சொன்னான்.

தேவாலயத்தில் பீடத்துக்குக் கிட்ட கமரா கொண்டுபோகச் சுவாமியார் விடமாட்டாராம். அதனால் பூசை முடிந்து சனம் வெளியே வந்தபின், மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் மீண்டும் உள்ளே கூட்டிப்போய், தாலி கட்டுவதைக் கிட்ட வைத்து எடுப்பானாம். வெளியில் யாருடையதோ நல்ல காருக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு துண்டு. சிஞ்ஞோரா வீட்டு மாடிப்படியில் ஒரு துண்டு, அதற்கு அவர் அனுமதி உண்டு. பிறகு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிக் கசெற் ஊருக்குப் போகும்.

"சிரிப்புத்தான் மச்சான் கஷ்டம்," என்றான். "கலியாண நாளிலை பொம்பிளை தாயை நினைச்சு அழுதுகொண்டு நிக்கும். கசெற்றைப் பாக்கப்போறது அந்தத் தாய். அழுத முகத்தைக் காட்டேலுமோ? அதுக்கு நான் ஒரு ஆள் வைச்சிருக்கிறன். கமராவுக்குப் பக்கத்திலை நிண்டு கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் மாதிரி நடந்து காட்டுவான். கல்லும் சிரிக்கும்."

நான் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் தொடங்கி உண்மையான பிரசார சினிமாவைப் பார்க்கப் போகிறவன் அல்லவா, இதெல்லாம் சின்ன விஷயமாகப் பட்டது.

புதன் நான்கு மணிக்குத் தனியாகப் போனேன். பழைய நகரத்தில், முன்பு ஜெபக்கூடமாக இருந்த ஒரு மண்டபத்தின் மேல்மாடி. முப்பத்து நான்கு படி, உயரமான படி, லிஃப்ட் கிடையாது; முழங்கால் வலிக்காரர்கள் கவனிக்க. லாவ்ரா என்ற பள்ளி ஆசிரியை ஒருவர்தான் ஒழுங்குபடுத்துபவர், படம் ஓட்டுபவரும் அவரே. மடக்கு நாற்காலிகளில் பதினைந்து பேர் அளவில் இருந்தோம்.

நான் எதிர்பார்த்தது மாடத்தில் நின்று முழங்கும் தலைவரை. அவர் வந்தார், கோதுமை அறுவடையில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிர் அடித்தார், போய்விட்டார். மற்ற நேரமெல்லாம் திரையில் இருந்தது சந்தோஷம். புதுப்பாலம், கடற்கரையில் உடற்பயிற்சி செய்யும் பிள்ளைகள், பரிசு வாங்கும் தாய்மார், பளபளக்கும் வீடுகளில் வெள்ளை நிறத் தொலைபேசியில் காதல் பேசும் பணக்காரர்கள். எந்தத் திரையரங்கிலும் முதலில் அரசின் செய்திப்படம், பிறகுதான் கதைப்படம் என்பது அன்றைய சட்டம் என்று லாவ்ரா சொன்னார். திரையரங்கு இல்லாத ஊருக்கு லொறியில் படம் போகும். மிரட்டுவதற்கு அவர்களிடம் பொலிஸ் இருந்தது. சினிமாவுக்குக் கொடுத்த வேலை வேறு, எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன குறை என்று பார்க்கிறவனை நினைக்க வைப்பது. அதை அன்று முதல் தடவையாக உணர்ந்தேன், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் உடற்பயிற்சியை நான் ரசித்துவிட்டேன். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

அன்று மாலைச் சாப்பாட்டில் அடுத்த நாள் நிகழ்ச்சி நிரலை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்றாவதாக, அபிசீனியப் போருக்குப் பலேர்மோ துறைமுகத்திலிருந்து படைகள் புறப்படும் செய்திப்படம், 1935. ஜசிந்தா சொதி ஊற்றிக்கொண்டிருந்த அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டார்.

"அண்ணை, அது சிஞ்ஞோரான்ரை தமையன் இருக்கிற படமெல்லோ."

அவர் சொன்ன கதை இது. சிஞ்ஞோராவுக்கு அப்போது பதினொரு வயது. அண்ணன் நினோவுக்கு இருபத்தொன்று, அக்கா ரோசாவுக்குப் பதினாலு. கப்பல் விடியற்காலையில் புறப்பட்டது. ரோசாவுக்குக் கடும் காய்ச்சல், தாய் அவளோடு வீட்டில் இருந்துவிட்டார், தகப்பன் இல்லை. அயலவர்களோடு வழியனுப்பப் போனது கொன்செட்டா மட்டும். நினோ அழுதான். அவளுடைய கையைப் பிடித்தவன் விடவேயில்லை, விரல் மரத்துப்போனது. ஒரு மாதம் கழித்துக் குடும்பத்தோடு படம் பார்க்கப் போனார்கள். கதைப்படத்துக்கு முன்னால் ஓடிய செய்திப்படத்தில் நினோ வந்தான். வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். அரங்கமே கைதட்டியது. கொன்செட்டா, அவன் அழுதான் என்று சொன்னாள். யாரும் கேட்கவில்லை. கண்ணால் பார்த்த படம் பொய்யா, பதினொரு வயதுக்காரி சொல்வது உண்மையா? நினோ திரும்பி வரவில்லை. சிரித்துக்கொண்டுதான் போனான் என்று சொன்ன ரோசாவைத்தான் தாய் சாகும்வரை நம்பினார்.

ஒன்பது வருடத்துக்கு முன் குடும்பக் கல்லறையைத் திருத்தியபோது, நினோவின் பெயருக்குக் கீழே 'சிரித்துக்கொண்டு போனான்' என்று ரோசா கல்லில் வெட்டுவித்துவிட்டார். அன்றோடு அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். ரோசா இருப்பது திராப்பானியில், ஒரு நூறு கிலோமீற்றர் தூரம். சிஞ்ஞோரா அந்தக் கல்லறைப் பக்கமே போவதில்லை.

"ஆனா அண்ணை, இப்ப அவவுக்கே சந்தேகம்," என்றார் ஜசிந்தா. "நான் கனவு கண்டனானோ எண்டு என்னட்டைக் கேக்கிறா. போன மாசமும் கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல?"

அடுத்த நாள் காலை ஜசிந்தா விஷயத்தைச் சொல்ல, சிஞ்ஞோரா உடனே எழும்பிக் கறுப்பு உடுப்பைத் தேடத் தொடங்கிவிட்டாராம். மருத்துவர் கூடாது என்பார், முப்பத்து நான்கு படி என்றெல்லாம் ஜசிந்தா சொல்லிப் பார்த்தார். அந்தப் படத்தை அறுபது வருடமாக நான் காணவில்லை, இன்னும் அறுபது வருடம் பொறுக்கச் சொல்கிறாயா என்று கேட்டாராம். லிபெர்த்தாவிலிருந்து மண்டபத்துக்கு இரண்டரைக் கிலோமீற்றர், டாக்ஸி 14,000 லீரா.

படியைச் சமாளித்த விதத்தைச் சொல்ல வேண்டும். அல்பிரட் தன் பங்குக் கோயிலிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தான், இருவரும் மன்னார். திருநாளில் புனிதர் சிலை வைத்த சொரூபக்கூடு தூக்கிப் பழகிய தோள்கள். நான்காவது ஆள் நான். தேர்வடம் பிடித்திருக்கிறேனே தவிர, தோளில் சுவாமி தூக்கியதில்லை. சிஞ்ஞோராவைக் கைப்பிடி வைத்த மரக்கதிரையில் இருத்தி, துண்டால் இடுப்பைக் கட்டி, கீழே இரண்டு தடி கொடுத்துத் தூக்கினோம். அவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. எல்லாரும் இடதுகாலை முதலில் வைக்க வேண்டும். முன்னுக்கு நிற்பவர்கள் தடியைத் தாழ்த்த, பின்னுக்கு நிற்பவர்கள் உயர்த்த வேண்டும். என்ன நடந்தாலும் சொரூபத்தின் முகம் போகிற திசையைத்தான் பார்க்கும், பின்பக்கமாக ஏற்றக் கூடாது. படி திரும்புகிற இடத்தில் எனக்கு அவசரம், அப்படியே பின்பக்கமாக ஏற்றப் பார்த்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

மேலே இருந்து சிஞ்ஞோரா ஏதோ சொன்னார். ஜசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"நான் சாந்தா ரொசாலியா இல்லையாம். பூமாலை போட்டிடாதேங்கோவாம்."

நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. நாங்கள் ஆறு பேரும் மேல்மாடி போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி ஐந்து நிமிடம். லாவ்ரா நிகழ்ச்சியை நிறுத்தி வைத்திருந்தார்.

படம் வந்தது. துறைமுகம், பெரிய கப்பல், புகை, இராணுவ வாத்தியம், ஆயிரக்கணக்கான கைக்குட்டைகள். முதுகில் மூட்டையோடு படைவீரர்கள் வரிசையாக ஏறினார்கள். அவர்கள் எவ்வளவு மகிழ்ச்சியோடு போகிறார்கள் என்று பின்னணிக் குரல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு கிட்ட வைத்து, தலை முதல் கால் வரை தெரிய எடுத்த ஒரு துண்டு. ஐந்து இளைஞர்கள், தொப்பி சரிந்து, கண் சுருங்கச் சிரித்துக்கொண்டு. இடமிருந்து இரண்டாவது ஆளைக் கண்டதும் சிஞ்ஞோராவின் கை தானாக மேலே எழுந்தது. நான்கு நொடி இருக்கும். மீண்டும் கப்பல், கொடி, முடிந்தது.

விளக்குப் போட்டதும் சிஞ்ஞோரா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். ரோசா சொன்னதுதான் சரி, நான்தான் கனவு கண்டிருக்கிறேன் என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் புத்தகம் படித்தவன் அல்லவா? ஜசிந்தாவிடம் தமிழில் என் தீர்ப்பைச் சொன்னேன்.

"நடிக்க வைச்ச மாதிரித் தெரியேல்லை. நடிகன் சிரிக்கிறது வேறை. இது உண்மையான சிரிப்புத்தான்."

சிஞ்ஞோரா, அந்தப் படித்த மனிதர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஜசிந்தாவுக்குப் பொய் வராது, அப்படியே மொழிபெயர்த்துவிட்டார். அந்த அம்மையார் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை இப்போது நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அல்பிரட் எழும்பினான்.

"மச்சான், நீ உன்ரை புத்தகத்தை மூடு. சிரிப்பு உண்மைதான். ஆனா அது கப்பலடியிலை எடுத்ததில்லை." பிறகு ஜசிந்தாவிடம் திரும்பினான். "அந்த ரீச்சர்ப் பிள்ளையைப் படத்தை இன்னொருக்கா ஓட்டச் சொல்லும். நான் சொல்லுறதை எல்லாருக்கும் இத்தாலியனிலை சொல்லும்."

சுருளைத் திருப்பிச் சுற்றப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், நடுவில் நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படம் கருகிவிடும், ஓடுகிறபோதே பார்க்க வேண்டும் என்றார் லாவ்ரா. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அல்பிரட் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, கலியாண வீட்டில் சனத்தை ஒழுங்குபடுத்துகிற அதே குரலில் பாடம் நடத்தினான். ஜசிந்தா சொல்லுக்குச் சொல் இத்தாலியனில் சொன்னார்.

"முதல், நிழலைப் பாருங்கோ. கப்பலிலை ஏறேக்கை நிழல் நீட்டுக்குக் கிடக்குது, அது விடியப்புறம். இவை அஞ்சுபேரும் சிரிக்கேக்கை நிழல் காலடியிலை கிடக்குது, அது மத்தியானம். ரெண்டாவது, ஏறுற எல்லாற்றை முதுகிலையும் மூட்டை இருக்குது, இவையளிட்டை இல்லை. மூண்டாவது, கண்ணைப் பாருங்கோ. அஞ்சுபேரும் ஒரே இடத்தைப் பாக்கினம். கப்பலையும் பாக்கேல்லை, சனத்தையும் பாக்கேல்லை. கமராவுக்கு இடப்பக்கம் ஆரோ ஒருத்தன் நிண்டு பகிடி விடுறான். எனக்குத் தெரியும், நான் கிழமைக்குக் கிழமை செய்யிற வேலை."

படம் மீண்டும் ஓடியது. இந்த முறை அங்கிருந்த எல்லாரும் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தோம். நீண்ட நிழல். மூட்டை. பிறகு அந்த ஐவர். நிழல் அவர்கள் காலடியில் சுருண்டு கிடந்தது. முதுகு வெறுமை. பத்துக் கண்ணும் ஒரே மூலையில். முன்வரிசையில் ஒரு கிழவர் தன் தொடையில் ஓங்கித் தட்டினார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறால் தின்றுகொண்டு இதையேதான் அல்பிரட் எனக்குச் சொன்னான், நான்தான் சின்ன விஷயம் என்று விட்டிருந்தேன். அடுக்கி வைத்த புத்தகங்கள் எல்லாம் இருந்தும் எனக்கு நிழல் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

சிஞ்ஞோரா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் திரையையே பார்த்தார், அதில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு வேகமாகப் பேசத் தொடங்கினார். ஜசிந்தா பின்னாலேயே ஓடி ஓடிச் சொன்னார்.

"கோழி மாதிரி நடந்தவனாம். கப்பலுக்கு முதல்நாள் நினோ பின்னேரம் வீட்டை வந்தவனாம். முகாமிலை மத்தியானம் படமெடுக்க வந்தாங்கள், ஒருத்தன் கமராவுக்குப் பக்கத்திலை கோழி மாதிரி நடந்து காட்டினவன் எண்டு சொல்லி, நினோ மேசையைச் சுத்தி நடந்து காட்டினவனாம். தாயும் சிரிச்சவவாம். காய்ச்சலோடை படுத்திருந்த ரோசாவும் சிரிச்சவவாம். அண்ணை, இவ்வளவு காலமும் இதை மறந்துபோனாவாம்."

சிஞ்ஞோரா அல்பிரட்டைக் கிட்டக் கூப்பிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் அறுபது வருடமாக வெறுத்தேன், அது அந்த ஆட்சிக்காரர்களுக்குக் கொடுத்த சிரிப்பு என்று நினைத்தேன், அது என் அண்ணன் ஒரு கோழிக்குக் கொடுத்த சிரிப்பு என்றார். மொழிபெயர்க்கும்போது ஜசிந்தா அழுதுவிட்டார். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

அன்று மாலை நடந்ததைச் சொல்வதற்கு முன், பயணம் போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். ஒக்டோபர் நல்ல மாதம், பகலில் ஒரு சட்டை போதும், கப்பலுக்கு மட்டும் கம்பளி வேண்டும். லீரா இப்போது இல்லை, விலைகளை ஒரு அளவுக்காகத்தான் கொடுத்திருக்கிறேன். காலைச் சாப்பாட்டுக்குக் கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்குங்கள், அப்போது 1,500 லீரா, நம் வாய்க்குப் பிடிக்கும். நகரத்தில் நான்கு நாள் இருந்தால் போதும். ஒருநாளைக் கடலுக்குக் கொடுங்கள், ஒருநாளைச் சந்தைக்கு. இப்படிப்பட்ட சின்னத் திரையிடல்களின் அறிவித்தல் பெரிய விடுதிகளில் இருக்காது, புத்தகக் கடைக் கதவிலும் பங்குக் கோயில் பலகையிலும் இருக்கும். பழைய பிரசாரப் படங்களைப் பார்க்கும்போது தலைவரைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஓரத்தில் நிற்கிறவர்களின் நிழலையும் கண்ணையும் பாருங்கள். முடிந்தால் ஒரு கலியாண வீடியோக்காரனைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. வெள்ளிக்கிழமைப் படங்களை நான் பார்க்கவில்லை, அல்பிரட்டோடு கடற்கரையில் உட்கார்ந்து கதைத்துவிட்டு அன்று மாலைக் கப்பல் ஏறினேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வியாழன் மாலைக்கு வருகிறேன். சிஞ்ஞோராவை, முகம் முன்னுக்குப் பார்க்க, ஒழுங்காக இறக்கி, வீட்டில் கொண்டுவந்து இருத்தியபோது ஏழு மணி. அவர் உடுப்பு மாற்றவில்லை. ஜசிந்தாவிடம் ஒரு திராப்பானி எண்ணைச் சொன்னார், ஒன்பது வருடமாகச் சுழற்றாத எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். அல்பிரட்டும் நானும் போகவா என்று கேட்டோம். இருங்கள் என்று கை காட்டினார்.

தொலைபேசியில் எடுத்த எடுப்பில் வணக்கம் இல்லை, சுகமா இல்லை. எனக்கு அடுப்படி அளவு இத்தாலியன் தெரியும். அந்த முதல் வசனம் எனக்கே விளங்கியது, மிச்சத்தை ஜசிந்தா காதோடு சொன்னார்.

"ரோசா, கோழி மாதிரி நடந்த ஆளை உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது, அறைக்குள் நின்ற எங்களுக்கே கேட்டது. சிஞ்ஞோரா நிழலையும் மூட்டையையும் கண்ணையும் வரிசை மாறாமல் சொன்னார். தான் சண்டைக்கு வரவில்லை என்றும், நீ சொன்ன சிரிப்பும் உண்மை, நான் சொன்ன அழுகையும் உண்மை என்றும் சொன்னார். பிறகு ரோசா ஏதோ கேட்டார், சின்னக் கேள்வி. சிஞ்ஞோரா தொலைபேசி வயரை விரலில் சுற்றினார், கழற்றினார்.

"கேட்டான்," என்றார். "காய்ச்சல் விட்டதா என்று இரண்டு தடவை கேட்டான்."

அந்தப் பக்கம் அழுவது கேட்டது. அந்த அழுகையை முழுவதும் கேட்டு முடித்து, ஞாயிறு சாப்பாட்டுக்கு வரச் சொல்லி, சிஞ்ஞோரா தொலைபேசியை வைத்தார். ரோசா என்ன கேட்டவ என்று, தொலைபேசிக்குக் கிட்ட நின்ற ஜசிந்தாவிடம் நான் மெதுவாகக் கேட்டேன்.

"அழேக்கை நினோ தன்னைப் பற்றிக் கேட்டவனோ எண்டு கேட்டவ, அண்ணை."

எங்கள் மூன்று பேரின் முகத்தையும் சிஞ்ஞோரா மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜசிந்தாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் காலை நீட்டினார். ஜசிந்தா குனிந்து வார் அவிழ்த்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார்.

"நினோ உண்மையிலை அப்பிடிக் கேக்கேல்லையாம். கப்பல் ஊதிப்போட்டுதாம், நேரமில்லையாம். ஆனா அவளுக்கு அண்டைக்குக் காய்ச்சல்தானே, அவள் வேணுமெண்டு வராமல் விடேல்லைத்தானே எண்டு சொல்லுறா."